உதடு ஏன் ஓய்ந்துபோகிறது? நீண்ட நேரம் பித்தளைக் கருவி ஊதுவோருக்கு ஓர் எளிய விளக்கம்

ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர் என வடசென்னையின் எந்தப் பகுதியில் கல்யாண ஊர்வலமோ, மாதா கோயில் தேர்ப் பவனியோ, இறுதி ஊர்வலமோ புறப்பட்டாலும், அதற்கு முன்னால் ஒரு பேண்ட் செட் நடந்து செல்வதை இன்றும் பார்க்கலாம். ஊர்வலம் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரம் கழிந்தபின் டிரம்பெட்டின் மேல் சுரங்கள் தடுமாறத் தொடங்கினால், வேடிக்கை பார்ப்பவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: "தம் இல்லப்பா." ஊதுபவரோ "உதடு போயிடுச்சு" என்பார். இவ்விரண்டில் ஊதுபவர் சொல்வதே சரி. ஆனால் உதடு போவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், நரம்பு தளர்ந்துவிட்டது என்பார் ஒருவர், பழக்கம் போதவில்லை என்பார் இன்னொருவர், வலியோடு ஊதினால்தான் உதடு உரமேறும் என்பார் மற்றொருவர். கடைசியாகச் சொன்ன இந்த நம்பிக்கை பல இளம் கலைஞர்களின் உதட்டைக் கெடுக்கக்கூடியது என்பதால், உதட்டுக் களைப்பு எவ்வாறு உண்டாகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்பது பயன் தரும்.

ஒலி எங்கே பிறக்கிறது

டிரம்பெட், டிராம்போன், யூபோனியம், சூசாஃபோன் ஆகியவை பித்தளைக் கருவிகள். சாக்ஸஃபோனும் பித்தளையால் செய்யப்பட்டதுதான் என்றாலும் இக்குடும்பத்தில் சேராது. அதில் ஒலியை எழுப்புவது ரீடு என்னும் மெல்லிய நாணல் தகடு. கிளாரினெட்டிலும் அப்படியே, நாகஸ்வரத்தில் அந்த வேலையைச் சீவாளி செய்கிறது. பித்தளைக் கருவிகளில் இப்படியொரு தகடு கிடையாது. வாசிப்பவரின் உதடுகளே தகட்டின் இடத்தில் இருந்து அதிர்கின்றன. சீவாளி கெட்டால் வேறு சீவாளி பொருத்திக்கொள்ளலாம். டிரம்பெட்காரருக்கு அந்த வசதி இல்லை.

கருவியில் வாய் வைத்து ஊதும் கிண்ணம் போன்ற பகுதியான மௌத்பீஸின் விளிம்பில் உதடுகளை மூடி வைத்துக் காற்றைச் செலுத்தும்போது, காற்றின் அழுத்தம் உதடுகளைத் திறக்கிறது. உதடுகளின் இறுக்கம் அவற்றை மீண்டும் மூடுகிறது. இந்தத் திறப்பும் மூடலும் மிக விரைவாக மாறி மாறி நிகழ்வதே அதிர்வு. கருவிகளைச் சுருதி சேர்க்க மேற்கத்திய இசையில் பயன்படுத்தும் 'ஏ' என்ற சுரத்துக்கு உதடுகள் ஒரு நொடிக்கு 440 முறை திறந்து மூட வேண்டும். அதற்கு ஒரு ஸ்தாயி மேலே போனால் 880 முறை. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள டிரம்பெட் குழாய் இந்த அதிர்வை வாங்கி, வலுப்படுத்தி, வெளியே அனுப்புகிறது. மூன்றே வால்வுகளை வைத்துக்கொண்டு இத்தனை சுரங்களை எப்படி எழுப்புகிறார்கள் என்று பலர் வியப்பதுண்டு. வால்வு குழாயின் நீளத்தைத்தான் மாற்றுகிறது. ஒரே வால்வை அழுத்திக்கொண்டே கீழிருந்து மேலாகப் பல சுரங்களை எடுப்பது உதட்டின் இறுக்கத்தாலும் காற்றின் வேகத்தாலும்தான்.

பிடித்து நிறுத்தும் தசைகள்

வாயைச் சுற்றி வளையமாக அமைந்துள்ள தசை உதடுகளை மூடிக் குவிக்கிறது. கன்னத்திலிருந்தும் தாடையிலிருந்தும் வரும் வேறு பல தசைகள் வாயின் ஓரங்களில் அதனோடு வந்து இணைகின்றன. இத்தசைகள் அனைத்தும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து, உதட்டின் நடுப்பகுதியை அதிர விட்டு ஓரங்களை அசையாமல் நிறுத்தும் நிலையை 'உதட்டுப் பிடிப்பு' என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். நல்ல பிடிப்பில் ஓரங்கள் உறுதியாக இருக்கும். நடுப்பகுதி தளர்வாக இருக்கும். கன்னத்தைப் பந்துபோல ஊதவிட்டு வாசித்தும் உலகப் புகழ் பெற்ற அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிசி கில்லெஸ்பி போன்றவர்கள் உண்டு. ஆயினும் கன்னம் உப்பும்போது ஓரங்களுக்குக் கிடைக்க வேண்டிய ஆதரவு குறைவதால், தொடக்க நிலையில் இருப்பவர்கள் அவரைப் பின்பற்றாமல் இருப்பது நல்லது.

இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, இத்தசைகள் செய்யும் வேலையின் தன்மை. நடக்கும்போது கால் தசை சுருங்கித் தளர்ந்து, மீண்டும் சுருங்குகிறது. ஒவ்வொரு தளர்விலும் புதிய இரத்தம் உள்ளே வருகிறது. ஊதும்போது உதட்டுத் தசை அப்படித் தளர்வதில்லை. ஒரு நீண்ட சங்கதி முடியும்வரை சுருங்கியபடியே இருக்கிறது.

களைப்பின் உண்மையான காரணம்

தண்ணீர் லாரியிலிருந்து பிடித்த பிளாஸ்டிக் குடத்தைக் கையில் தொங்கவிட்டபடி ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு ஏறியவர்களுக்கு உதட்டுக் களைப்பைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்காது. இரண்டாவது மாடியில் விரல்கள் விரியப் பார்க்கின்றன. குடத்தின் கழுத்து பதிந்த இடம் வெளுத்து மரத்துப்போகிறது. அதே ஆள் அதே எடையை இடுப்பில் வைத்திருந்தால் எளிதாக ஏறியிருப்பார் என்பதால், குறை அவருடைய வலுவில் இல்லை. இரண்டு காரியங்கள் சேர்ந்து கையை ஓயச் செய்கின்றன: தசை விடாமல் சுருங்கியே இருக்கிறது, அதற்கு மேல் கழுத்தின் விளிம்பு வெளியிலிருந்து அழுத்தி இரத்தத்தைத் தடுக்கிறது. படிக்கட்டுத் திருப்பத்தில் குடத்தை இறக்கி வைத்துக் கையை உதறினால் சில நொடிகளிலேயே பிடி திரும்புகிறது. விரல்கள் முற்றிலும் விரிந்த பிறகு இறக்கினால் மீள்வதற்கு நெடுநேரம் ஆகிறது.

உதட்டில் நடப்பதும் இதுவே. சுருங்கிய தசை தனக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தானே நெருக்குகிறது. ஏறத்தாழ 16, 17 மில்லிமீட்டர் உள்விட்டமே உள்ள டிரம்பெட் மௌத்பீஸின் விளிம்பு அதே இடத்தை வெளியிலிருந்தும் நெருக்குகிறது. இரத்தம் தடைபடுவதைக் கண்ணால் பார்க்க விரும்பினால், கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள்: வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிடும். உதட்டிலிருந்து மௌத்பீஸை எடுக்கும்போதும் இப்படித்தான் இரத்தம் திரும்புகிறது.

தசை உடனடித் தேவைக்கென்று தன்னிடம் ஒரு சிறு ஆற்றல் இருப்பை வைத்திருக்கிறது. தொடர்ந்து சுருங்கும்போது அது விரைவாகத் தீர்கிறது. அதன் பயன்பாட்டில் உண்டாகும் கழிவுப் பொருள்கள் தேங்கித் தசையின் சுருங்கும் திறனைக் குறைக்கின்றன. ஓய்வு கிடைத்தால் அந்த இருப்பில் கணிசமான பகுதி அரை நிமிடத்திலும் பெரும்பகுதி சில நிமிடங்களிலும் மீண்டும் நிரம்பிவிடும். ஆனால் அதை நிரப்ப ஆக்ஸிஜன் வேண்டும். ஆக்ஸிஜனை இரத்தம்தான் கொண்டுவர வேண்டும். எனவே ஊதுவதை நிறுத்திவிட்டு, அடுத்த பல்லவிக்குத் தயாராக மௌத்பீஸை உதட்டில் அழுத்தியபடியே காத்திருப்பவருக்கு, ஓய்வு எடுத்தது போலத் தோன்றினாலும் உதட்டுக்கு அந்த ஓய்வு போய்ச் சேர்வதில்லை. இந்த ஒன்றைச் சரிசெய்தாலே பலருடைய சிக்கலில் பாதி தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஒலியை எழுப்புவது உதடு; உதட்டை நிறுத்துவது விடாமல் சுருங்கியிருக்கும் தசைகள்; அவற்றை ஓயச் செய்வது இரத்தத் தடை; தடையை நீக்கும் எளிய வழி மௌத்பீஸை உதட்டிலிருந்து எடுப்பது.

களைப்பு களைப்பை வளர்க்கும் விதம்

தசை ஓயத் தொடங்கியதும் மேல் சுரத்துக்கு வேண்டிய இறுக்கத்தை அதனால் தர முடிவதில்லை. அப்போது கை உதவிக்கு வருகிறது. இடது கை கருவியை முகத்தை நோக்கி இழுக்கிறது. வலது சுண்டுவிரல் அதற்கென உள்ள கொக்கியில் மாட்டிக்கொண்டு இன்னும் இழுக்கிறது. பல்லுக்கும் விளிம்புக்கும் நடுவே நசுங்கிய உதடு இறுக்கமடைவதால் சுரம் வந்துவிடுகிறது. வாசிப்பவர் தப்பித்துவிட்டதாக எண்ணுகிறார். ஆனால் இரத்தத் தடை இப்போது முன்னைவிட அதிகம். அதனால் களைப்பும் அதிகம். அடுத்த மேல் சுரத்துக்கு இன்னும் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும்.

நெடுநேரம் அழுத்தப்பட்ட உதட்டில் நீர் கசிந்து லேசான வீக்கமும் உண்டாகிறது. வீங்கிய உதடு தடித்திருப்பதால் மெல்லிய காற்றுக்கு அதிர மறுக்கிறது. மென்மையாகத் தொடங்க வேண்டிய சுரம் சற்றுத் தாமதமாகவோ, முதலில் வெறும் காற்றொலியாகவோ வருகிறது. களைப்பை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் அறிகுறி இதுதான். உரத்த சுரங்கள் நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே மென்மையான சுரங்கள் பிடிபடாமல் போனால், உதடு எச்சரிக்கை செய்கிறது என்று பொருள். வாயின் ஓரத்தில் காற்றுக் கசிந்தால் அது அடுத்த கட்டம்.

மறுநாள் வரும் வலிக்கு லாக்டிக் அமிலம் தேங்கியதே காரணம் என்று சொல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஊதி முடித்த சிறிது நேரத்திலேயே அந்த அமிலம் இரத்தத்தில் கலந்து அகன்றுவிடும். மறுநாளும் தங்கியிருப்பது வீக்கமும் தசையின் நுண்ணிய சேதமும்தான்.

ஊர்வலத்தின் நடுவே செய்யக்கூடியவை

இரண்டு தாளக் கணக்கு இடைவெளி கிடைத்தாலும் மௌத்பீஸை உதட்டிலிருந்து விலக்க வேண்டும். விலக்கிய உடனே உதடுகளைத் தளரவிட்டு "புர்ர்" என்று காற்றை ஊதினால், அவை தொளதொளவென்று அசைந்து இரத்த ஓட்டம் விரைவில் திரும்பும். பார்ப்பவர்களுக்கு இது சற்று வேடிக்கையாக இருக்கலாம். உலகெங்கும் பித்தளைக் கருவிக் கலைஞர்கள் கூச்சமின்றிச் செய்வதுதான்.

வலது சுண்டுவிரலைக் கொக்கியிலிருந்து எடுத்து அதன் மேலே தளர்வாக வைத்துக்கொண்டால், அறியாமலே கருவியை முகத்தில் இழுத்து அழுத்தும் பழக்கம் குறையும். நடந்துகொண்டே ஊதும்போது, குழி விழுந்த சாலையிலும் வேகத்தடையிலும் கருவி முகத்தில் மோதும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சியை ஏற்பது உதடுதான். அத்தகைய இடங்களில் சுரத்தைத் துணிந்து விட்டுவிடலாம். டிரம்ஸ் ஓசையில் அந்த இடைவெளியை யாரும் கவனிக்கப்போவதில்லை.

மூச்சுக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் "தம் இல்லை" என்ற விமர்சனத்தை முழுவதுமாகத் தள்ளிவிடவும் முடியாது. வயிறு விரிய ஆழமாக இழுத்த மூச்சு சீரான காற்றைத் தருகிறது. காற்று போதாதபோது அந்தக் குறையை உதடு இறுகி ஈடுசெய்ய முயல்கிறது. அதே நேரத்தில், நாகஸ்வரக் கலைஞர்கள் கையாள்வது போலக் கன்னத்தில் காற்றைச் சேமித்து, மூக்கால் மூச்சிழுத்தபடியே இடைவெளியின்றி ஊதும் முறையைக் கற்றுக்கொண்டால் களைப்பு வராது என்று நினைப்பது தவறு. அம்முறை மூச்சுத் தட்டுப்பாட்டைத்தான் தீர்க்கும். சாதாரணமாக மூச்சு வாங்கும் ஒவ்வொரு முறையும் உதட்டுக்குக் கிடைக்கும் சிறு தளர்வும் இல்லாமல் போவதால், பித்தளைக் கருவி வாசிப்பவரின் உதடு இன்னும் விரைவில் ஓய்ந்துவிடும்.

உதட்டின் சிவந்த பகுதியில் வியர்வைச் சுரப்பிகள் இல்லை. ஆகவே சித்திரை, வைகாசி வெயிலில் அது முகத்தின் மற்ற பகுதிகளைவிட விரைவில் காய்ந்து வெடிக்கும். அடிக்கடி தண்ணீர் குடிப்பதும், ஊதாத நேரத்தில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ மெல்லிதாகத் தடவிக்கொள்வதும், ஊதுவதற்கு முன் அதைத் துடைத்துவிடுவதும் போதும். கற்பூரம், மெந்தால் கலந்த களிம்புகள் குளிர்ச்சியாக இருந்தாலும் உதட்டின் எச்சரிக்கையை மழுங்கடிக்கும். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லும், நிகழ்ச்சிக்கு முன் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையும் அவற்றைவிட மோசம். சுண்ணாம்பு சேர்த்த வெற்றிலை பாக்கும், புகையிலை கலந்த மாவாவும் வாயின் உட்தோலைப் புண்ணாக்குபவை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் வைத்த மௌத்பீஸ் உதட்டைச் சுடும் அளவுக்குச் சூடேறும் என்பதால் அதைச் சட்டைப் பையில் வைத்திருப்பது நல்லது.

மண்டப வாசலில் மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது, தங்களுக்கு எட்டும் மிக உயர்ந்த சுரத்தை ஊதிக் காட்டுவது பல பேண்ட் பார்ட்டிகளில் (குழுக்களில்) ஒரு பழக்கமாகவே இருக்கிறது. ஊர்வலத்தின் கடைசிக் கட்டத்துக்கு வேண்டிய உதட்டை முதல் பாட்டுக்கு முன்பே செலவழிக்கும் வேலை அது. சில நிமிடங்கள் கீழ் சுரங்களை மென்மையாக நீட்டி ஊதினாலே உதடு தயாராகிவிடும்.

ஒரு பார்ட்டியின் ஏற்பாடு

மேலே சொன்னவை அனைத்தையும் தவறாமல் செய்தாலும், மூன்று மணி நேரம் ஒரே டிரம்பெட்டின் தலையில் எல்லாப் பாட்டையும் சுமத்தினால் அந்த உதடு தாங்காது. ஓய்வு என்பது ஓய்ந்த பிறகு எடுப்பதற்கு உரியதன்று. அது பாட்டு வரிசையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். மேற்கத்திய சிம்பொனிக் குழுக்கள் பலவற்றில் ஹார்ன் என்னும் பித்தளைக் கருவியின் முதன்மைக் கலைஞருக்குப் பக்கத்தில் ஓர் உதவிக் கலைஞரை அமர்த்துகிறார்கள். எல்லாக் கருவிகளும் சேர்ந்து முழங்கும் பகுதிகளை உதவியாளர் ஏற்றுக்கொள்ள, முதன்மைக் கலைஞர் தனியாக வாசிக்க வேண்டிய நுட்பமான பகுதிக்கு உதட்டைக் காத்துவைக்கிறார். இதை யாரும் அங்கே பலவீனமாகக் கருதுவதில்லை.

நம் பேண்ட் செட்டில் இதைச் செய்வது கடினமன்று. பல்லவியை ஒரு டிரம்பெட்டும் சரணத்தை இன்னொன்றும் எடுக்கலாம். இடையிசையைக் கிளாரினெட்டுக்கோ சாக்ஸஃபோனுக்கோ விட்டுவிடலாம், அவர்கள் உதடு களைக்காது என்பதில்லை, ஆனால் அது வேறு வகைப் பளு. சவுகார்பேட்டை பக்கம் பாராத் எனப்படும் வடஇந்திய மாப்பிள்ளை ஊர்வலங்களில் உறவினர்கள் நடுச்சாலையில் நின்று ஆடத் தொடங்கினால், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஊத வேண்டியிருக்கும். ஆடுபவர்களுக்கு அந்த நேரத்தில் தேவைப்படுவது தாளம்தான். டிரம்ஸை மட்டும் முழங்கவிட்டு, பித்தளைக் கருவிகள் அனைத்தும் இறங்கி நிற்க, குழுவை நடத்தும் பேண்ட் மாஸ்டர் கையசைத்தால் போதும்.

பாட்டின் சுருதியையும் மாஸ்டர் கவனிக்க வேண்டும். பெண் குரலில் உச்சத்தில் பாடப்பட்ட சினிமாப் பாடலை அதே உயரத்தில் ஊதினால்தான் மதிப்பு என்ற எண்ணம் உதட்டுக்குப் பெரும் பகை; ஒரு ஸ்தாயி இறக்கி ஊதினாலும் மக்கள் அந்தப் பாட்டை அடையாளம் காண்பார்கள். உச்சப் பாடல்கள் இரண்டை அடுத்தடுத்து வைக்காமல் நடுவே தாழ்ந்த ஸ்தாயிப் பாடல் ஒன்றைச் செருகலாம். ஒலிபெருக்கி வண்டியோடு போட்டியிட்டு உரக்க ஊதுவதைக் காட்டிலும் டிரம்பெட்டுக்கு ஒரு மைக் வைப்பது எவ்வளவோ மேல்.

முகூர்த்தம் இல்லாத மாதங்கள்

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. கிறிஸ்தவக் குடும்பங்களில் தவக்காலத்தில் திருமணம் வைப்பது அரிது. அந்த வாரங்களில் கருவி உறைக்குள்ளேயே கிடந்துவிட்டு, தை பிறந்ததும், ஆவணி வந்ததும் ஒரே நாளில் காலையும் மாலையுமாக ஊர்வலங்கள் வரும்போதுதான் உதட்டுக்கு மிகுந்த ஆபத்து. வேலையில்லாத மாதங்களிலும் நாள்தோறும் சிறிது நேரம் ஊதி வந்து, சீசன் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்து நேரத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். அப்பயிற்சியிலும் ஊதும் நேரத்துக்கு ஈடான ஓய்வு இருக்க வேண்டும். சீசனுக்காகச் சிறிய மௌத்பீஸுக்கு மாறுவது சிலருக்கு மேல் சுரத்தை எளிதாக்கலாம். ஆயினும் நிகழ்ச்சி நாளில் மாற்றுவது விபரீதம், பழகுவதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

களைப்பும் காயமும் வேறு

ஓர் இரவு தூங்கி எழுந்ததும், அல்லது ஒன்றிரண்டு நாள் ஓய்வில், சரியாகிவிடுவது களைப்பு. மிகுந்த வீக்கம் இருந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்துக்கொண்டு, மறுநாள் மென்மையான கீழ் சுரங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். ஊதிக்கொண்டிருக்கும்போதே ஒரு புள்ளியில் சுரீரென்று வலித்து அந்த இடம் சட்டென்று வலுவிழப்பது, உதட்டில் ஒரு சிறு பள்ளமோ முடிச்சோ தென்படுவது, வாரக்கணக்கில் ஓய்வெடுத்தும் மேல் சுரங்கள் திரும்பாதது, வலியே இல்லாமல் உதடு தன்னிச்சையாக நடுங்குவது ஆகியவை வேறு வகை. முதல் மூன்றும் தசை கிழிந்திருப்பதைக் காட்டலாம். கடைசியானது நரம்பு சார்ந்த கோளாறாக இருக்கலாம்.

ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் உயர்ந்த சுரங்களை மிகுந்த அழுத்தத்தோடு ஊதி உதட்டைப் புண்ணாக்கிக்கொண்டு, 1935-ஆம் ஆண்டு பல மாதங்கள் டிரம்பெட்டைத் தொடாமல் இருக்க நேர்ந்தது. டிரம்பெட் வாசிப்பவர்களின் உதட்டைச் சுற்றியுள்ள வளையத் தசை கிழிவதை விவரித்து 1982-இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரை, அக்கோளாறுக்கு அவருடைய செல்லப்பெயரைக் கொண்டு 'சாட்ச்மோ நோய்க்குறி' என்றே பெயரிட்டது. இத்தகைய கிழிசலை அறுவைச் சிகிச்சையால் தைத்துச் சரிசெய்ய முடியும். எனவே மேற்சொன்ன அறிகுறி எதுவும் தென்பட்டால், இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்து பார்ப்பதை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வடசென்னைவாசிகளுக்கு அருகில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே அப்பிரிவு உள்ளது. போகும்போது கருவியையும் மௌத்பீஸையும் எடுத்துச் சென்று, எந்தச் சுரத்தில் எந்த இடம் வலிக்கிறது என்று மருத்துவரிடம் ஊதிக் காட்டினால், வாய் திறந்து விளக்குவதைவிட விரைவில் அவருக்குப் புரியும்.